இருபதாயிரத்துக்குள் முதல் டெலஸ்கோப்: குழாயைப் பார்ப்பதா, ஸ்டாண்டைப் பார்ப்பதா?

வைகைக்கரை | மதுரை | 9 ஜனவரி 2026, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். இதுதான் முதல் பதிவு.

மகன் எட்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளிக்கு அறிவியல் இயக்கத்திலிருந்து வந்து டெலஸ்கோப்பில் சனியைக் காட்டியிருக்கிறார்கள். வளையம் வளையமாகவே தெரியவில்லையாம், சட்டைப் பட்டனில் குறுக்கே ஊசி குத்தின மாதிரி ஒரு கோடுதானாம். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பொங்கலுக்கு டிரெஸ் வேண்டாம், டெலஸ்கோப் வாங்கித் தா என்கிறான்.

20,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். தேடிப் பார்த்து மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று, 76/700 (விட்டம் 76 மி.மீ., குவிய நீளம் 700 மி.மீ. என்று அர்த்தமாம்), கண்ணாடி வைத்தது. அட்டைப் பெட்டியிலேயே "525 மடங்கு" என்று போட்டிருக்கிறது, மூன்றில் இதுதான் மலிவும்கூட. அடுத்தது 114/1000, ஈக்யூ மவுண்ட் என்கிற சாய்ந்த அச்சு வைத்த ஸ்டாண்ட். எடை, திருகு, சக்கரம் எல்லாம் வைத்துப் பார்க்கவே விஞ்ஞானி வீட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது. மூன்றாவது 70/900, லென்ஸ் வைத்தது, நீளக் குழாய். வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் வைத்து தானே தேடிக் காட்டுவது இருக்கிறதாமே, அதை வாங்கு என்கிறார்.

சொந்த வீடு, மேலே மொட்டைமாடி. தெற்குப் பக்கம் தெருவிளக்கு, வடக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. எதை வாங்கலாம்?


புதுசு 76 | திருச்சி | 9 ஜனவரி, இரவு 11.05

முதலாவது வேண்டாம் அக்கா. கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். எந்தக் கடை என்பதை விடுங்கள். பெட்டியைத் திறந்து இரண்டு மணி நேரம் பூட்டி, மாடிக்கு ஏற்றி, நிலாவுக்குத் திருப்பினேன். சரியாக வைத்துத் திருகை இறுக்கினால் குழாய் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கணக்குப் போட்டு மேலே வைத்து இறுக்கினால் அன்றைக்குப் பார்த்து இறங்காது. ஃபோகஸ் சக்கரத்தைத் தொட்டால் நிலா துள்ளும். தங்கை வந்து பார்த்துவிட்டு "அண்ணா, நிலா ஏன் நடுங்குது, குளிரா?" என்றாள். அன்றைக்குப் பரணில் ஏற்றினது, இன்னும் இறங்கவில்லை.


பழைய பைனாகுலர் | கோவை | 10 ஜனவரி, காலை 6.20

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 525. குழாயின் குவிய நீளத்தை ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸின், குவிய நீளத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதோடு 3 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525. கணக்கு சரி. ஆனால் வானம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2 மடங்கு, அதுதான் நல்ல இரவிலும் உச்சவரம்பு. 76-க்கு 150 சொச்சம். அதற்கு மேல் போனால், சின்ன போட்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படித்தான்: பெரிதாக இருக்கும், மங்கலாக இருக்கும், புதிதாக ஒன்றும் தெரியாது.

சரி, எத்தனை மடங்கு வேண்டும்? இந்த மாதம் வியாழன் வானில் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது, தட்டின் அகலம் 46 விகலை (ஒரு டிகிரிக்கு 3600 விகலை). வெறும் 40 மடங்கில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு நிலா எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வியாழன் தெரியும். நம்புவது கஷ்டம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழன் பக்கத்தில் சின்னப் புள்ளிகளைப் பார்த்தது சுமார் 20 மடங்கில்தான். உங்கள் பையனுக்கு 30, 70, எப்போதாவது 130 போதும்.

அடுத்து, யாரும் கேட்காத கேள்வி: அதைத் தாங்குவது எது? உருப்பெருக்கம் நிலாவை மட்டும் பெரிதாக்குவதில்லை, நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. 70 மடங்கு என்றால் உங்கள் மூச்சுக்காற்று பட்ட அசைவும் 70 மடங்கு. கடையில் நேரில் பார்க்க வாய்த்தால் ஐபீஸில் கண்ணை வைத்துக்கொண்டு குழாயின் ஓரத்தை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். மூன்று நொடிக்குள் படம் அடங்கினால் நல்ல ஸ்டாண்ட். பத்து நொடி ஆடினால் மேலே எவ்வளவு உயர்ந்த கண்ணாடி இருந்தாலும் வேண்டாம். தம்பி புதுசு 76 சொன்னது கண்ணாடியின் குற்றமே இல்லை, காலின் குற்றம்.

சனியைப் பற்றிப் பையனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்தது சரிதான். 2025 மார்ச்சில் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஒரு தட்டை விளிம்பிலிருந்து பார்ப்பது போல. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து 2032 வாக்கில் முழுக்கத் திறந்து நிற்கும். அவன் கல்லூரி போகும்போது நல்ல வளையம் கிடைக்கும்.


டொரன்டோ குளிர் | டொரன்டோ | 10 ஜனவரி, காலை 8.51

வணக்கம் அக்கா. சேர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஸ்டாண்ட் முக்கியம் என்றால் ஈக்யூ மவுண்டைத்தானே பார்க்க வேண்டும்? நான் பத்து வருடமாக 130 கண்ணாடியை ஈக்யூ 2 மவுண்டில் வைத்துப் பாவிக்கிறேன். வானம் சும்மா நிற்காது. பூமி சுற்றுவதால் நிலா தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 100 மடங்கில் கோள் ஒன்றை நடுவில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டால், அவன் வருவதற்குள் அது ஓரத்துக்குப் போய்விடும். ஈக்யூவில் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே வைத்துவிட்டால், பிறகு ஒரே ஒரு திருகைச் சுற்றினால் போதும். மற்றதில் மேலேயும் தள்ள வேண்டும், பக்கத்திலும் தள்ள வேண்டும். பிள்ளை விரைவாகப் பழகிவிடுவான்.


ஜவ்வாது இரவு | வேலூர் | 10 ஜனவரி, மதியம் 1.15

அண்ணா, டொரன்டோவுக்கு அது சரி. மதுரைக்குச் சரிப்படாது.

நாம் எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, துருவ நட்சத்திரமும் அத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும். உங்கள் ஊரில் 43 டிகிரி சொச்சம். மதுரையில் 10. கையை நீட்டி முஷ்டி பிடித்து அடிவானத்தில் வைத்தால், முஷ்டியின் மேல்விளிம்புதான் 10 டிகிரி. அக்கா வீட்டில் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி இல்லாவிட்டாலும் ஊர்த் தூசியில் அந்த நட்சத்திரத்தைத் தேடி எடுப்பதற்குள் பையன் தூங்கிப்போவான்.

தேடி எடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். சின்ன ஈக்யூ தலைகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா மாதிரி உயர்ந்த அட்சரேகைகளை மனதில் வைத்துச் செய்தவை. அச்சை 10 டிகிரிக்குச் சாய்த்தால் ஏறக்குறைய படுத்துவிடும். சிலதில் அந்த அளவுக்கு இறக்கவே முடியாது, திருகு முட்டிக்கொள்ளும். இறங்கினாலும் எடை தொங்கும் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். பாரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாயும். அதற்கு மேல் கண்ணாடிக் குழாயை ஈக்யூவில் வைத்தால் ஐபீஸ் ஒரு சமயம் கூரையைப் பார்க்கும், ஒரு சமயம் தரையைப் பார்க்கும். பார்க்கிறவன்தான் யோகாசனம் செய்ய வேண்டும்.

காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குக் குதிரைலாட வடிவத்தில் தனி மவுண்ட் செய்திருக்கிறார்கள். நம் மாதிரித் தாழ்ந்த அட்சரேகைக்கு அது தோதானது என்பார்கள். அவர்களே அவ்வளவு யோசித்திருக்கிறார்கள், நாம் பெட்டியில் வரும் எடைக்கல்லை நம்பி இறங்குவதா?

மேல்-கீழ், இடம்-வலம் என்று மட்டும் அசையும் சாதா ஸ்டாண்டே நமக்கு. படம் எடுக்கும் ஆசை வந்தால் அப்போது ஈக்யூவைப் பார்த்துக்கொள்ளலாம்.


டொரன்டோ குளிர் | டொரன்டோ | 10 ஜனவரி, இரவு 7.30

இப்பதான் ஒரு விசயம் விளங்குகிறது. சில வருடம் முன் யாழ்ப்பாணம் போனபோது சின்ன ஈக்யூ மவுண்ட் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். மாமா வீட்டு முற்றத்தில் வைத்து எவ்வளவு திருகியும் கீழே இறங்கவில்லை. விமானத்தில் பெட்டியைத் தூக்கிப் போட்டதில் வளைந்துவிட்டது என்று நினைத்து, திரும்பி வந்து அதைக் கழற்றி எண்ணெய் போட்டேன்! யாழ்ப்பாணமும் 10 டிகிரிதானே. மவுண்டில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

அக்கா, என் பதிவை மறந்துவிடுங்கள்.


வைகைக்கரை | மதுரை | 10 ஜனவரி, இரவு 9.48

எல்லோருக்கும் நன்றி. முஷ்டி பிடித்துப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டி நட்சத்திரத்தை மட்டுமில்லை, முஷ்டியையே மறைக்கிறது.

அப்படியானால் 114/1000-ஐ வாங்கி வேறு ஸ்டாண்டில் வைக்கலாமா? 76-ஐ விட, 70-ஐ விடப் பெரிசு, குவிய நீளமும் அதிகம், ஆனால் குழாய் குட்டை, தூக்கிப் போகவும் லேசு. கூடவே சூரியனைப் பார்க்க ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இலவசமாம்.


பழைய பைனாகுலர் | கோவை | 10 ஜனவரி, இரவு 10.10

அந்தக் கறுப்புக் கண்ணாடி வந்தால் முதலில் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்த விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஐபீஸ் இருக்கும் இடம்தான் அந்தக் காகிதம் இருக்கும் இடம். அங்கே வைக்கும் சின்னக் கண்ணாடி சூட்டில் படீரென்று விரியும். விரியும் நொடியில் பையன் கண் அங்கே இருக்கும். கண்ணுக்குள் விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது, எரிவதுகூடத் தெரியாது. சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் சூரியத் தாள் மட்டும்தான். அதையும் காற்றுக்குப் பறக்காதபடி ஒட்டி, குறி பார்க்கக் குழாய் மேல் வைத்திருக்கும் ஃபைண்டருக்கும் மூடி போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு. கிரகணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதைக்குச் சூரியனை விட்டுவிடுங்கள்.

இப்போது 114/1000. சாதாரணக் கண்ணாடிக் குழாய் என்றால் அதன் நீளம் ஏறக்குறைய குவிய நீளம் அளவுக்கே இருக்க வேண்டும். 1000 என்றால் ஒரு மீட்டர். நீங்கள் அனுப்பிய படத்தில் குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது. மீதி எங்கே? ஃபோகஸர் குழாய்க்குள் ஒரு சின்ன லென்ஸை ஒளித்து வைத்து நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பேர்ட்-ஜோன்ஸ் என்று இந்த அமைப்புக்குப் பெயர். நன்றாகச் செய்தால் நன்றாக வரும். இந்த விலையில் நன்றாகச் செய்வதில்லை. உள்ளே லென்ஸ் இருப்பதால் கண்ணாடியை நேர்ப்படுத்துவதும் பெரிய தலைவலி. குழாய் நீளத்தையும் குவிய நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால் தள்ளிவிடுங்கள். ஸ்டிக்கரில் எந்த கம்பெனி பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்கவே வேண்டாம்.


மிதுனம் | சேலம் | 11 ஜனவரி, காலை 7.02

எதற்கு இவ்வளவு சுற்றல்? 10x50 என்று விற்கும் பைனாகுலர் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் வாய். கார்த்திகைக் கூட்டம் அதில் தெரிகிற அழகு எந்த டெலஸ்கோப்பிலும் வராது.


ஜவ்வாது இரவு | வேலூர் | 11 ஜனவரி, காலை 9.30

உண்மைதான். ஆனால் சனியைப் பார்த்துவிட்டு ஏங்கும் பையனிடம் பைனாகுலரைக் கொடுத்தால் முகம் தொங்கிப்போகும். சனி அதில் கொஞ்சம் நீண்ட புள்ளி, அவ்வளவுதான். ஏற்கெனவே வீட்டில் பைனாகுலர் இருந்தால் சந்தோஷம், கூடவே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் கேட்ட கம்ப்யூட்டர் சமாச்சாரத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த பட்ஜெட்டில் மோட்டாருக்கும் சர்க்யூட்டுக்கும் காசு போய்விட்டால் கண்ணாடிக்கு மிச்சம் இருக்காது. தொடங்கும்போது இரண்டு மூன்று பிரகாசமான நட்சத்திரத்தை நாம்தான் அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். திருவாதிரை எது, ரோகிணி எது என்று தெரிந்தவனுக்கு கம்ப்யூட்டர் எதற்கு?


தச்சுவேலை | நாகர்கோவில் | 11 ஜனவரி, மாலை 4.44

இவ்வளவு பேர் பேசியும் டாப்சோனியன் என்ற சொல் இன்னும் வரவில்லையே!

ஜான் டாப்சன் என்று ஒருவர். 1915-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர், 1944-ல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில், நம் ராமகிருஷ்ண மடத்துக் கிளைதான், சந்நியாசியாகச் சேர்ந்தார். கையில் காசில்லாத துறவிக்கு நட்சத்திரம் பார்க்க ஆசை. கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், கெட்டி அட்டைக் குழாயில் வைத்தார், பிளைவுட் பெட்டியில் உட்காரவைத்தார். ராத்திரியில் தெருவில் தள்ளிக்கொண்டு போய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். மடத்து வேலையை விட்டுவிட்டுச் சுற்றுகிறார் என்று 1967-ல் மடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் தெருவோரத்திலேயே காட்டிக்கொண்டு 2014 வரை வாழ்ந்தார். அந்தப் பிளைவுட் பெட்டிதான் டாப்சோனியன் மவுண்ட். உலகத்திலேயே எளிமையான ஸ்டாண்ட், ஆடாத ஸ்டாண்டும் அதுதான். ட்ரைபாடே கிடையாது, ஆடுவதற்குக் காலே இல்லை.

ஒரு பெட்டி, அதற்கடியில் ஒரு வட்டப் பலகை. பலகையில் சன்மைக்கா ஒட்டி, நடுவே ஒரு போல்ட், மூன்று டெஃப்ளான் துண்டு. சன்மைக்கா மேல் டெஃப்ளான் வழுக்கும், ஆனால் விட்ட இடத்தில் நிற்கும். விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி நகரும்.

அக்கா, மேசை மேல் வைக்கும் 130/650 டாப்சோனியன், சுருக்கமாக டாப், ஒன்று இருக்கிறது. ஆறு கிலோதான், பையனே தூக்குவான். 70 லென்ஸை விட மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அதை வாங்குங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் 70/900 மோசமில்லை, ஆனால் அந்த நீளக் குழாயை உச்சிக்குத் திருப்பினால் அடிப்பக்கம் ட்ரைபாடில் இடிக்கும். பிப்ரவரி கடைசியில் வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்கு உச்சந்தலைக்கு மேல் நிற்கும், அப்போது மல்லாந்து படுத்தால்தான் பார்க்க முடியும்.

தம்பி புதுசு 76, உன் குழாயை எடைக்குப் போட்டுவிடாதே. 76/700 கண்ணாடி அப்படியொன்றும் கெட்டதில்லை, ஸ்டாண்ட்தான் கேடு. அரை ஷீட் பிளைவுட் வாங்கு, அளவு நான் தருகிறேன்.


வைகைக்கரை | மதுரை | 11 ஜனவரி, இரவு 8.15

சரி, மேசை மேல் வைப்பது என்கிறீர்கள். மேசையை எங்கே போவது? மாடியில் இருப்பது பிளாஸ்டிக் ஸ்டூல். கைப்பிடிச் சுவர் மேல் வைக்கலாமா? இன்னொன்று, மாடி மூலையில் மாமியார் காலத்து ஆட்டுக்கல் ஒன்று மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. கிரைண்டர் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை, கீழே இறக்கவும் ஆளில்லை.


தச்சுவேலை | நாகர்கோவில் | 11 ஜனவரி, இரவு 8.21

ஆட்டுக்கல்லா!! இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை?

குழவியை எடுத்து ஓரமாக வையுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் பலகை, கெட்டியாக, 18 மி.மீ. அதன் அடியில் குழிக்குள் பொருந்தும்படி ஒரு சின்ன வட்டக் கட்டையை அறைந்துவிட்டால் நகராது. அதன் மேல் டாப். பக்கத்தில் மணையில் உட்கார்ந்து பார்த்தால் கண் உயரத்துக்கு வரும். காசு கொடுத்தாலும் இந்த மாதிரி ஸ்டாண்ட் கிடைக்காது.

கைப்பிடிச் சுவர் வேண்டாம். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தெருவில் விழும். பிளாஸ்டிக் ஸ்டூலும் வேண்டாம்.


பழைய பைனாகுலர் | கோவை | 12 ஜனவரி, காலை 6.05

ஆட்டுக்கல் யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. ஆய்வகங்களில்கூடப் பெரிய தொலைநோக்கிக்குத் தனிக் கல்தூண் கட்டி, கட்டடத் தரையோடு ஒட்டாமல் விடுவார்கள். மனிதர் நடக்கும் அதிர்வு மேலே ஏறக்கூடாது என்பதற்காக. உங்கள் வீட்டிலும் பையனின் நண்பர்கள் குதித்தால் தளம் அதிரத்தான் செய்யும், அதற்குக் கல்லும் உதவாது. குதிக்காமல் நிற்கச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயம். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரை அனல் விடும். மேலே எழும் அந்தக் காற்றில் கோள் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் அலையும். டெலஸ்கோப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வைத்தால் கொஞ்சம் அடங்கும். குழாயை அரை மணி முன்னாலேயே மாடியில் வைத்துவிட்டால் கண்ணாடியும் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும்.

அப்புறம் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் லென்ஸ்களைச் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை தின்றுவிடும். என் முதல் பைனாகுலர் அப்படித்தான் போனது. ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நீலத்திலிருந்து ரோஸாகிவிட்டால் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும்.


வைகைக்கரை | மதுரை | 30 ஜனவரி, இரவு 9.20

வாங்கியாகிவிட்டது. 130/650 டாப். பட்ஜெட்டை மூவாயிரம் தாண்டிவிட்டது, வீட்டுக்காரரிடம் இரண்டாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று நிலா. நான் எதுவும் எழுதப் போவதில்லை, அவன் "அம்மா!" என்று கத்தினதைப் பக்கத்துத் தெருவில் கேட்டிருப்பார்கள்.

இரண்டு சந்தேகம். ஃபோகஸர் திருகினால் லூசாக ஆடுகிறது. திறந்த குழாய் என்பதால் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே அடிக்கிறது.


ஜவ்வாது இரவு | வேலூர் | 30 ஜனவரி, இரவு 9.41

முதலாவதுக்கு பிளம்பர் டேப், வெள்ளையாகக் குழாய் மரையில் சுற்றுவார்களே அது, மரையில் இரண்டு சுற்று. இரண்டாவதுக்கு கறுப்பு சார்ட் பேப்பர், குழாயைச் சுற்றி உருட்டி கிளிப் போடுங்கள். மொத்தச் செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கும் செல்போன் டவரோ கோபுரக் கலசமோ எதுவோ ஒன்றைப் பெரிய குழாயின் நடுவில் பிடித்துவிட்டு, ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியை அதன் மேலேயே உட்காரவையுங்கள். ராத்திரியில் இதைச் செய்யப் போனால் அழுகைதான் வரும். சூரியன் பக்கம் போகாத திசையாகப் பார்த்து.


புதுசு 76 | திருச்சி | 15 பிப்ரவரி, இரவு 11.58

தச்சுவேலை அண்ணனுக்கு இந்தப் பதிவு. பரணிலிருந்து குழாய் இறங்கியது. பிளைவுட், சன்மைக்கா, டெஃப்ளான் துண்டு மூன்று, ஆசாரி கூலியோடு ஒரு மாதச் செல்போன் பில்லை விடக் கொஞ்சம்தான் அதிகம். 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல 20 மி.மீ. ஒன்று வாங்கினேன். 35 மடங்கு.

வியாழனும் நாலு நிலாவும். நடுங்கவில்லை. தங்கை அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.


வைகைக்கரை | மதுரை | 8 மார்ச், இரவு 10.30

ஐந்து வாரக் கணக்கு சொல்கிறேன்.

ஆட்டுக்கல் மேல் பலகை அறைந்தாகிவிட்டது. பழைய பைனாகுலர் சார் சொன்ன தட்டுச் சோதனையைச் செய்தான், ஒன்று சொல்வதற்குள் அடங்கிவிட்டது. மாமியார் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "இதில்தான் உன் கல்யாணத்துக்கு முதல் நாள் மாவாட்டினேன்" என்றார். அவருக்கு வியாழனைக் காட்டினோம். குரு மிதுனத்தில் இருப்பது எனக்குப் பஞ்சாங்கத்திலேயே தெரியும், ஆனால் உருண்டையாக இருப்பது தெரியாது என்றார்.

மார்ச் 3 கிரகணத்தன்று நிலா எழும்போதே ஓரத்தில் கடித்த மாதிரி இருந்தது. வீடுகளைத் தாண்டி மேலே வருவதற்குள் நிழல் கிட்டத்தட்ட போய்விட்டது. இருந்தாலும் பார்த்தோம் என்ற கணக்கு. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் இருக்கும் நெபுலா (வாயு மேகம்) 26 மடங்கில், ஊதிவிட்ட சாம்பிராணிப் புகை மாதிரி. போட்டோவில் வரும் சிவப்பு நீலமெல்லாம் இல்லை என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் ஏமாற்றமில்லை. நடுவே நாலு நட்சத்திரம் சரிவகமாக நிற்பதை அவனேதான் கண்டுபிடித்தான்.

ஒரு வாரம் நட்சத்திரமெல்லாம் வால் முளைத்துத் தெரிந்தது. மாடிப்படியில் இடித்ததில் கண்ணாடி நேர் விலகியிருக்கிறது. மூடியின் நடுவே துளை போட்டு ஐபீஸ் இடத்தில் வைத்து, அதன் வழியே பார்த்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லி இங்கே பழைய இழை ஒன்றில் இருந்தது. அப்படியே செய்தோம், சரியாகிவிட்டது.

இப்போது அவசரக் கேள்வி. குழாய்க்கு மூடி போடாமல் இரண்டு வாரம் வைத்துவிட்டான். இன்று உள்ளே டார்ச் அடித்தால் கீழே பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை இரண்டு! கண்ணாடி மேல் தூசியும் பல்லி நடந்த தடமும். துணியால் துடைத்துவிடலாமா?


பழைய பைனாகுலர் | கோவை | 8 மார்ச், இரவு 10.34

துணியைக் கீழே போடுங்கள்!

கண்ணாடியில் பூசியிருப்பது அலுமினியம், பின்பக்கம் இல்லை, முன்பக்கம். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் துடைத்தால் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும். இந்தத் தூசியோடு இன்னும் ஐந்து வருடம் தாராளமாகப் பார்க்கலாம், படத்தில் வித்தியாசமே தெரியாது. ஊதும் பம்ப் இருந்தால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். கழுவுகிற நாள் வந்தால் கழற்றி, ஓடும் தண்ணீரில் காட்டி, கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிச் சாய்த்து வையுங்கள். தொடவே கூடாது.

முட்டையைக் காகிதச் சுருள் ஒன்றில் உருட்டி எடுத்துவிடுங்கள்.


வைகைக்கரை | மதுரை | 9 மார்ச், இரவு 9.15

எடுத்துவிட்டோம். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் முட்டை இரண்டும், தீப்பெட்டி ஆட்டுக்கல்லுக்கு அடியில் நிழலில். குழாய்க்கு மூடி போட்டு அதன் மேல் தலையணை உறையும் மாட்டியாகிவிட்டது. கண்ணாடியைத் தொடவில்லை. வியாழன் பழையபடிதான் தெரிகிறது.

ஜவ்வாது தம்பி, ஏப்ரலில் ஓமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து தெற்கே எந்த உயரத்துக்கு வரும் என்று கேட்கச் சொல்கிறான். தெருவிளக்கு அந்தப் பக்கம்தான்.


ஜவ்வாது இரவு | வேலூர் | 9 மார்ச், இரவு 9.50

மதுரையில் 32 டிகிரி, மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் மேல். டொரன்டோ அண்ணனுக்கு அது அடிவானத்தைத் தாண்டவே தாண்டாது, அதனால் அவர் முன்னால் ரொம்பப் பேச வேண்டாம். ஏப்ரல் நடுவில் நள்ளிரவுக்கு உச்சத்தில் இருக்கும், மே மாதம் பத்து மணிக்கே. ஆட்டுக்கல்லுக்குத் தெற்கே கொடிக்கயிற்றில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் விளக்கு மறையும்.